85,000 ரூபாய்க்கு எஞ்சின் வேலை: பார்ப்பதா, வண்டியைத் தள்ளிவிடுவதா?

கேள்வி: வணக்கம் சார். உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். 2013 மாடல் டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். 2019இல் செகண்ட் ஹேண்டாக 3,80,000 ரூபாய்க்கு வாங்கியது. ஓடியது 1,72,000 கிலோமீட்டர். போன மாதம் தேனிக்குப் போகையில் ஆண்டிபட்டி கணவாயில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து வண்டி நன்றாகச் சூடாகிவிட்டது. ஹோஸை மாற்றியாயிற்று. ஆனால் அதிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை. மெக்கானிக், "எஞ்சினை இறக்கி முழு வேலை பாத்தாத்தான் சரிப்படும், 85,000 ஆகும்" என்கிறார். புரோக்கர் இருக்கிற நிலையிலேயே 90,000க்குக் கேட்கிறார். நல்ல நிலையில் உள்ள இதே மாடல் இங்கே 2,30,000 வரை போகிறது. அம்மாவை வாரம் இரண்டு முறை மதுரைக்கு டயாலிசிஸ் அழைத்துப் போக வேண்டும்; டாக்ஸிக்காரர்கள் காத்திருந்து கூட்டி வர ஒரு நடைக்கு 2,000 கேட்கிறார்கள். மச்சான் வண்டியைத் தள்ளிவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்கிறேன். வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரியும் வரை அம்மாவை அதில் ஏற்றாதீர்கள். தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் செக்கானூரணி தாண்டி நடுரோட்டில் நிற்பீர்கள். கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கிவிட்டால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இன்று எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு போகிற செலவு, நாளைக்கு எஞ்சினையே கொண்டுபோய்விடும்.

அடுத்து, 3,80,000 கொடுத்து வாங்கியதை மறந்துவிடுங்கள். அந்தப் பணம் போனது போனதுதான். விற்றாலும் திரும்பாது, வேலை பார்த்தாலும் திரும்பாது. இப்போது இந்த வண்டி உங்களுக்கு 90,000 ரூபாய் சொத்து. அதன் மேல் 85,000 போடுகிறீர்கள். மூன்று வாரம் ஷெட்டில் நின்றால் ஆறு நடை டாக்ஸிக்கு 12,000. ஆக 1,87,000. ஆறு வருஷத்துக்கு மேல் நீங்களே ஓட்டி, அதன் குணம் முழுக்கத் தெரிந்த வண்டி இந்த விலைக்கு உங்கள் கையில் இருக்கும். 2,30,000 கொடுத்து வாங்கப்போகிற வண்டி எந்தக் கணவாயில் சூடாகி நின்றது என்று உங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? அதனால் கணக்கு வேலை பார்க்கிற பக்கம்தான் சாய்கிறது. ஆனால் 85,000 என்பது 85,000ஆகவே நிற்க வேண்டும், மற்ற பாகங்களும் உருப்படியாக இருக்க வேண்டும். வேலைச் செலவு 1,20,000 தாண்டினால் கூட்டிப் பாருங்கள், நல்ல வண்டியின் விலைக்கே வந்துவிடுகிறது. அப்போது மச்சான் சொல்வதுதான் சரி.

85,000 உண்மையிலேயே தேவையா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நீங்கள் சொல்கிற அடையாளங்கள் ஹெட் கேஸ்கட், அதாவது ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போனதற்கானவை. இந்த எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் முதலில் கோணுவது ஹெட்தான். பல சமயம் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), புது கேஸ்கட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மாற்றினாலே வேலை முடிந்துவிடும். அதற்கு எஞ்சினை இறக்கவே வேண்டாம். பில் பாதிக்குள் அடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிஸ்டன், சிலிண்டரின் உட்சுவர் எல்லாம் அடிபட்டிருந்தால்தான் முழு வேலை. அதைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும்.

நாளைக் காலையில், எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, நீங்களே பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவுங்கள். பால் அதிகம் ஊற்றிய டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் ஆயிலில் கூலண்ட் கலந்திருக்கலாம். பிறகு கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று கூலண்டுக்குள் போகிறது என்று அர்த்தம். சூடான எஞ்சினில் இந்த மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும். அதன் பிறகு வண்டியை வேறொரு ஷெட்டுக்கு, இழுத்துக்கொண்டு போயாவது, காட்டி நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நாலும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருக்கிறதா, பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைகிறதா, எல்லாமே இறங்கிக் கிடக்கிறதா என்று எண்களை எழுதி வாங்குங்கள். பக்கத்து இரண்டு மட்டும் குறைந்தால் பெரும்பாலும் கேஸ்கட்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே பட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் என் காரிலும் கூலண்ட் குறைந்தது. ஒரு ஷெட்டில் எஞ்சினைப் பிரித்து 40,000 வாங்கினார்கள். ஒரே மாதத்தில் மறுபடியும் குறைந்தது. இன்னொரு மெக்கானிக் முன் சீட்டுக்குக் கீழே கால்மிதி மேட்டைத் தூக்கிக் கையை வைத்தார். சொதசொதவென்று ஈரம், தித்திப்பான ஒரு வாடை. ஏசிக்குப் பக்கத்தில் இருக்கும், கூலண்ட் ஓடுகிற ஹீட்டர் கோர் ஒழுகியிருக்கிறது. உங்களுக்குப் புகையும் வருவதால் இது மட்டுமே காரணமாக இருக்காது. ஆனாலும் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், காசா பணமா?

அப்படித் தூக்கும்போதே அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எஞ்சினுக்கு வைத்தியம் உண்டு, உளுத்துப்போன பாடிக்குக் கிடையாது. உசிலம்பட்டி வறட்சியில் ஓடிய வண்டிக்குப் பெரும்பாலும் பயமில்லை. உங்களுக்கு முன் இருந்தவர் தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரத்துக்காரர் என்றால் நன்றாகப் பாருங்கள்.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். இந்த 1,248 சிசி எஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, இண்டிகா விஸ்டா என்று ஏகப்பட்ட வண்டிகளில் ஓடியது. மாருதி 2020இல் டீசலை நிறுத்தியும் பொருள் கடைகளில் கிடைக்கிறது. 2017இல் இந்திய விற்பனையை நிறுத்திய செவர்லே வண்டியாக இருந்தால் வேறு மாதிரி யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை என்று யாராவது பயமுறுத்தினால், அது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. இங்கே உங்கள் ஆர்.சி. 15 வருஷக் கணக்கில் 2028 வரை செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம்.

வேலைக்கு விடும்போது எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஹெட்டைக் கழற்றியதும் போன் பண்ணச் சொல்லி, நேரில் போய்ப் பார்த்த பிறகே மேற்கொண்டு வேலை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். முழு வேலைதான் என்று முடிவானால் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். எஞ்சின் இறங்கியிருக்கும்போது அதற்குத் தனி லேபர் கிடையாது.

கேள்வி: மேலூரில் இருக்கிறேன். மதுரையில் ஒரு பழைய கார் டீலரிடம் 3,20,000க்கு வண்டி எடுத்தேன். "எஞ்சின் கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் சொன்னவர், இருபதாவது நாள் எஞ்சின் போனதும் "பழைய வண்டி அப்படித்தான்" என்கிறார். சட்டத்தில் இடம் உண்டா?

பதில்: உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதுப் பொருளுக்கு மட்டுமானதல்ல. வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கிய நீங்கள் நுகர்வோர்தான். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் உயிர்நாடி. வண்டியைப் பிரிக்கும் முன் வேறொரு மெக்கானிக்கிடம் கோளாறை எழுதி வாங்குங்கள். பிரித்துவிட்டால் "நீங்களே கெடுத்துவிட்டீர்கள்" என்பார்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரும் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5,00,000 ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். டீலர் இல்லாமல் ஒரு தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

கேள்வி: பழுதான காரை புரோக்கரிடம் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டேன். பேர் மாற்றம் "பார்ட்டி வந்ததும் பண்ணிக்கலாம்" என்கிறார். விட்டுவிடலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் வண்டியை ஒப்படைத்ததற்குப் படிவம் 29சி பதியச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாதவர் என்றால், வாங்குகிறவரின் ஆதார் நகலோடு, பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முடித்து, வண்டி கொடுத்த 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள்.