தலைவலிக்கு அப்புறம் என்ன கேட்டது?

கேள்வி: அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975-இல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்' ஆல்பத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். பாட்டு இல்லை, தாளம் இல்லை, ஒரு மணி நேரமும் கிட்டார் இரைச்சல்தான். பத்தே நிமிடத்தில் தலைவலி வந்துவிட்டது. 'உனக்குக் காது பத்தாது' என்கிறார் அவர். இன்னொரு நண்பரோ, 'அது ஊரை ஏமாற்றிய வேலை, புகழ்கிறவனெல்லாம் நடிக்கிறான்' என்கிறார். யார் சொல்வது சரி? அதெல்லாம் இசைதானா? மழுப்பாமல் சொல்லவும். (வாசகர், ஈரோடு)

பதில்: மழுப்பவில்லை. உங்கள் கடிதம் இரண்டு பக்கம் இருந்தது, இடமில்லாமல் சுருக்கியிருக்கிறேன். சுருக்கும்போது எண்ணிப் பார்த்தேன். முதல் நண்பரைப் பற்றிப் பதினோரு வரி. இரண்டாவது நண்பரைப் பற்றி ஆறு வரி. நீங்கள் சின்ன வயதிலிருந்தே எல்லா வகை இசையும் கேட்டு வளர்ந்தவர் என்பதற்கு நாலு வரி. அந்த இசைத்தட்டில் என்ன கேட்டது என்பதற்கு மொத்தம் இரண்டு சொல்: இரைச்சல், தலைவலி. தீர்ப்பு கேட்கிறீர்கள், சரி. வழக்கு இசைத்தட்டின் மேலா, நண்பர்கள் மேலா?

உங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஐம்பது வருஷமாக இந்த ஆல்பத்தைப் பற்றி நடக்கிற சண்டையே இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. ஆளைப் பற்றிப் பேசுவார்கள், அவர் ஏன் செய்தார் என்று பேசுவார்கள், இதைக் கேட்கிறவன் முட்டாளா மேதையா என்று பேசுவார்கள். ஒலியைப் பற்றிப் பேசுகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் கோபப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. முந்தைய வருஷம் வந்த ரீடின் 'சாலி கான்ட் டான்ஸ்' ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போயிருந்தது. அந்தச் சூட்டில் 1975 ஜூலையில் ஆர்.சி.ஏ. நிறுவனம் இந்த இரட்டை இசைத்தட்டைக் கடைக்கு அனுப்பியது. உறையைப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி, தோல் ஜாக்கெட் சகிதம் மேடையில் நிற்கும் அதே லூ ரீட். ரசிகன் காசைக் கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து முள்ளை வைத்தால் நாலு பக்கமும் ஒரே ஊளை. தட்டு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. ஏராளமான பேர் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள், சில வாரங்களிலேயே நிறுவனம் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஆர்.சி.ஏ.வின் செவ்வியல் இசைப் பிரிவான 'ரெட் சீல்' முத்திரையில் வர வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று ரீட் சொன்னதுண்டு. அப்படி வந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியவர்கள் சில நூறு பேர்தான். அவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்திருப்பார்கள், ஆனால் யாரும் கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருக்க மாட்டார்கள். காபி என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்தால் குடிக்கிறவன் துப்பத்தான் செய்வான். அதனால் கஷாயம் கெட்டது என்று ஆகாது, அவன் நாக்கு சரியில்லை என்றும் ஆகாது.

விமர்சகர்களுக்கு வருவோம். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் நன்றாகவே திட்டியது. அண்டவெளி அளவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இருந்து அது முனகினால் எப்படியிருக்கும், அப்படி இருக்கிறதாம். கேட்கிற அனுபவம் பஸ் நிலையத்தில் ஓர் இரவைக் கழிப்பது மாதிரியாம். எனக்கு இந்த வரிகள் பிடிக்கும். எழுதியவர் காதைத் திறந்து வைத்திருந்தார் என்று தெரிகிறது. ஃப்ரிட்ஜின் உறுமலும் பஸ் நிலையத்தின் அடங்காத இரைச்சலும் அந்தத் தட்டில் உண்மையாகவே இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்த இரைச்சல் ஒரே சத்தமாக இருப்பதில்லை. அடியில் என்ஜின்கள் உறுமிக்கொண்டே இருக்கும், அதன் மேல் ஹாரன், அதற்கும் மேலே எங்கோ ஒரு விசில்.

மறுபக்கம் 'கிரீம்' என்கிற ராக் இசை இதழில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ். உலகத்தில் இதுவரை வந்ததிலேயே மகத்தான ஆல்பம் இதுதான் என்று 1976-இல் தலைப்பே போட்டு எழுதினார். பாதி கிண்டல், பாதி நிஜம், எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். ஃபீட்பேக்தான் (ஸ்பீக்கர் சத்தம் கிட்டாருக்கே திரும்பி வந்து எழுப்பும் கூவல்) கிட்டாருக்குக் கிடைத்த பெரிய வரம் என்று நினைத்திருந்தீர்களா, லூ இப்போது கிட்டாரையே தூக்கிப் போட்டுவிட்டார் என்று எழுதியவர் அவர்தான். உங்கள் முதல் நண்பர் அநேகமாக இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருப்பார். கிண்டல் பாதியை மட்டும் விட்டுவிட்டார்.

இரண்டாவது நண்பரின் கட்சிக்கும் ஆதாரம் குறைவில்லை. ஒப்பந்தத்தைக் கழிக்கச் செய்தது, போதையில் செய்தது, ரசிகர்களைப் பழிவாங்கச் செய்தது என்று கதைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ரீட் உறையிலேயே எழுதிய குறிப்பு வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய். உங்களில் பெரும்பாலோருக்கு இது பிடிக்காது, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்குத் தெரிந்து யாரும் இதை முழுசாகக் கேட்டதில்லை, நான் உட்பட, என்கிறார். கடைசியில் என் ஒரு வாரம் உங்கள் ஒரு வருஷத்துக்குச் சமம் என்கிற தோரணையில் ஒரு சவடால். பிற்காலத்தில் கேட்டவர்களிடம், விளையாட்டுக்குச் செய்யவில்லை, மனப்பூர்வமாகத்தான் செய்தேன் என்றார். எதை நம்புவது? நான் எதையும் நம்பவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பது தட்டில் கேட்காது.

தட்டில் கேட்பது என்ன? கோயில் கொடைக்கு மைக் செட் போடுகிறவர் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிக்கொண்டே மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிவிட்டால் 'கொய்ங்' என்று ஒரு கூவல் வருமே, அதன் உறவுதான். ரீட் கிட்டார்களை ஆம்ப்ளிஃபயர் முன்னால் சாய்த்து வைத்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் தந்தி அதிர்கிறது, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது, அது மறுபடி தந்தியை ஆட்டுகிறது. கை படாமலே கிட்டார் கத்திக்கொண்டிருக்கும். ஆனால் மைக் மாதிரி ஒரே கூவலாக நிற்காது. எந்தத் தந்தி எந்தச் சுருதியில் இருக்கிறது, கிட்டார் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறும். இதைப் பல அடுக்காக நாடாவில் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சேர்த்தார். இடது பக்கம் ஒன்று ஓடும், வலது பக்கம் வேறொன்று.

எனக்கு முதல் ஐந்து நிமிடம் நீங்கள் சொன்ன இரைச்சல்தான். அப்புறம் மேலே கிளிக்கூட்டம் மாதிரி ஒரு கீச்சொலி பிரிந்து கேட்டது. அடியில் ஒரு கனத்த முழக்கம். இரண்டுக்கும் நடுவில் யாரும் வாசிக்காத ஒரு மெட்டு, பிடிக்கப் போனால் நழுவுகிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் அந்தர காந்தாரம் என்கிற ஸ்வரம் தானாகக் கேட்கும் என்பார்களே, எந்தத் தந்தியிலும் அது வைக்கப்பட்டிருக்காது. இந்த ஒப்பீட்டை நான் வலிந்து கொண்டுவரவில்லை. ரீட் உறைக்குறிப்பில் அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்டே யங்கின் பெயரைப் போட்டிருக்கிறார் (எழுத்துப் பிழையோடு). ஒரே சுருதியை மணிக்கணக்கில் ஒலிக்கவிட்டவர் யங், பிறகு பண்டிட் பிராண் நாத்திடம் ஹிந்துஸ்தானி பாட்டும் தம்புராவும் படித்தவர். ரீடோடு சேர்ந்து 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' ராக் குழுவைத் தொடங்கிய ஜான் கேல், அதற்கு முன் இந்த யங்கோடு வயோலா வாசித்துக்கொண்டிருந்தவர்.

எனக்குக் கிளி கேட்டதால் உங்களுக்கும் கேட்டாக வேண்டும் என்று இல்லை. அப்புறம் ஒரு விஷயம், ஹெட்ஃபோனில் முழுச் சத்தம் வைத்துக் கேட்டிருந்தால் தலைவலி வராமல் வேறென்ன வரும்?

இந்தத் தட்டை மற்ற எல்லோரையும்விட உன்னிப்பாகக் கேட்டவர் என்று நான் நினைப்பது உல்ரிச் கிரீகர் என்கிற ஜெர்மன் சாக்ஸபோன் கலைஞரை. இந்த இரைச்சலை உட்கார்ந்து கேட்டு, ஸ்வரக்குறிப்பாக எழுத முடியும் என்று கிளம்பினார். ரீடிடம் சொன்னபோது அவரே நடக்காத காரியம் என்றுதான் நினைத்தார். சில நிமிடங்களுக்கு வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகு ரீட் ஒப்புக்கொண்டார். 2002-இல் பெர்லினில் 'ட்ஸைட்க்ராட்ஸர்' குழு வயலின், செல்லோ, டூபா (பெரிய ஊதுகுழல்), அக்கார்டியன் என்று கையாலும் வாயாலும் வாசிக்கிற கருவிகளை வைத்துக்கொண்டு அதை மேடையில் வாசித்தது. ரீடும் கிட்டாரோடு சேர்ந்துகொண்டார். ஏமாற்று வேலை என்கிற நண்பருக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். வெறும் இரைச்சலை யாரும் டூபாவுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

காது பத்தாது என்கிற நண்பரிடம் வேறு கேள்வி கேளுங்கள்: மூன்றாம் பக்கத்தில் என்ன கேட்டது? 'அது ஒரு அனுபவம்' என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடலாம். கிளியோ ரயிலோ கொதிக்கிற குக்கரோ, ஏதாவது ஒன்றைச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம்.

இது இசைதானா என்றும் கேட்டிருந்தீர்கள். இசைதான். உங்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் உங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு என் அனுமதியும் தேவையில்லை, நண்பரின் அனுமதியும் தேவையில்லை.

பத்து நிமிடத்தில் நிறுத்தியதற்கு வருத்தப்பட வேண்டாம். முதல் மூன்று பக்கங்களுக்கும் 16:01 என்று நேரம் போட்ட ரீட், நாலாவது பக்கத்துக்கு '16:01 அல்லது' என்று போட்டுப் பக்கத்தில் முடிவிலிக் குறியை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் கடைசிப் பள்ளம் தன்னைத்தானே சுற்றுகிற வட்டம். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதே ஒலி, மறுபடி அதே ஒலி. முள் தானாக வெளியே வராது. உங்கள் நண்பர் கைப்பேசியில் கேட்டிருப்பார், அதில் பள்ளம் ஏது? இசைத்தட்டில் கேட்டால் யாராவது எழுந்து போய்க் கையால் தூக்கினால்தான் ஆல்பம் முடியும். நான் எத்தனை சுற்று உட்கார்ந்திருந்தேன் என்று எண்ணவில்லை. சமையலறையிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க, டேங்க் வழியப் போகுது."