சென்னையில் பழைய ஃபிளாட் வாங்கினேன்; சொத்து வரி பில் முன்னாள் உரிமையாளர் பெயரிலேயே வருகிறது. கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். வரி சொத்தின் மீது விதிக்கப்படுவது. பழைய பாக்கி இருந்தாலும் இப்போது உங்கள் தலையில்தான் விழும். (கிரயத்துக்கு முன்பே கடைசி ரசீதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.)

மாநகராட்சி இணையதளத்தில் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என நான்கும் கேட்கும். கோட்டை விடுவது துணை எண்ணில்தான். ஒரே கட்டடத்தில் பில் எண் ஒன்றாக இருந்து, துணை எண் மட்டும் வீட்டுக்கு வீடு மாறலாம். தவறினால் பக்கத்து வீட்டுக் கணக்கில் பணம் ஏறிவிடும். திரையில் வரும் பெயர், கதவு எண்ணைப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். பணம் போய் ரசீது வரவில்லையா? உடனே மறுபடி கட்டாதீர்கள். ஓரிரு நாள் பொறுத்து அதே எண்ணில் நிலுவையைப் பாருங்கள்.

அரையாண்டு ஏப்ரல் 1, அக்டோபர் 1-இல் தொடங்கும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு ரூ.5,000.

கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீதுடன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். குடிநீர், கழிவுநீர் வரி இதில் சேராது. அதைக் குடிநீர் வாரியத்தில் தனியாகக் கட்ட வேண்டும்.