டென்ஸ், பாசிவ் வாய்ஸ், காஸட்டிவ் எல்லாம் படித்தும் எழுத வராதவர்கள் எப்படிப் பழகுவது?

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையும் மனப்பாடம், வாய்ஸ் மாற்றச் சொன்னால் மாற்றிவிடுகிறேன், ஆனால் சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, காஸட்டிவ் (ஒரு வேலையை அடுத்தவரைக் கொண்டு செய்ய வைத்ததைச் சொல்லும் வாக்கியம்) சுத்தமாகப் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது ஆங்கிலத்தில் மெயில் எழுதும் வேலையில் இருப்பவர் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, இது உங்களுக்கு உதவும்.

நான் ஆங்கில ஆசிரியை இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் இங்கே நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று பிரிந்து கிடக்கிற வேலைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து நாள் முழுக்க மெயில் எழுதுவதுதான் என் பிழைப்பு. இலக்கணம் முறையாகப் படித்தவர்கள் கீழே வந்து திருத்தலாம், சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் 'புத்தகம் படிக்காதே' என்று நான் சொன்னதாக மட்டும் யாரும் எழுதாதீர்கள். அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். அது போதாது என்பதுதான் என் பேச்சு.

பள்ளியில் நமக்குப் பழக்கியது 'ராமா கில்டு ராவணா', 'ராவணா வாஸ் கில்டு பை ராமா'. தேர்வுக்குச் சரி. ஆனால் அதில் எப்போது நடந்தது, முடிந்துவிட்டதா, இதை யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. அதனால் ஒரு வாக்கியத்தை இன்னொன்றாக மாற்றத் தெரிகிறது, எது எப்போது வேண்டும் என்று தெரிவதில்லை. நான் செய்தது இதுதான்: தினமும் கையில் இருக்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வேன், அதன் நிலவரம் மாற மாற வாக்கியத்தையும் மாற்றி நோட்டில் எழுதுவேன். துணி சாயத்தில் இருக்கிறது, 'த ஃபேப்ரிக் இஸ் பீயிங் டைடு'. சாயம் முடிந்து துணி கைக்கு வந்துவிட்டது, 'த ஃபேப்ரிக் ஹேஸ் பீன் டைடு'. எப்போது முடிந்தது என்று பையர் கேட்டால் 'த ஃபேப்ரிக் வாஸ் டைடு ஆன் மண்டே'. இங்கே நாள் வந்துவிட்டது, அதனால் 'ஹேஸ் பீன்' போடக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம் என்றால் 'வில் பி டைடு பை ஃப்ரைடே'. 'ஆன் ஃப்ரைடே' என்று எழுதினால் அன்றைக்குத்தான் நடக்கும் என்றாகிவிடும், 'பை' என்றால் அதற்குள். பையர் கப்பலுக்கு நாள் குறிப்பதே இதை வைத்துத்தான்.

இன்னொன்று, இந்த 'ஹேட்'. 'வி ஹேட் சென்ட் த சாம்பிள் யெஸ்டர்டே' என்று எழுதாத ஆளே நம் ஊரில் இல்லை. நேற்று அனுப்பினோம் என்பதற்கு 'வி சென்ட்' போதும். 'ஹேட்' வேண்டுமென்றால் பழைய கதையில் இரண்டு சம்பவம் வேண்டும்: உங்கள் மாற்றம் வந்து சேர்வதற்கு முன்பே நாங்கள் துணியை வெட்டிவிட்டிருந்தோம் என்பது போல. அங்கே அது நம்மைக் காப்பாற்றும், ஏனென்றால் நஷ்டம் யார் தலையில் என்பதே எது முதலில் நடந்தது என்பதில்தான் இருக்கிறது.

காஸட்டிவ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன். எங்கள் கம்பெனிக்குச் சொந்த டையிங் கிடையாது, வெளியே ஜாப் ஒர்க்தான், அதாவது வேறொரு யூனிட்டில் கூலி கொடுத்துச் சாயம் போட்டு வாங்குவோம். புது பையர் ஒருவர் விவரம் கேட்டதற்கு மேலே இருக்கிற ஒருவர் 'வி டை ஆல் அவர் ஃபேப்ரிக்ஸ்' என்று மெயில் போட்டுவிட்டார். மறுநாளே, உங்கள் டையிங் யூனிட்டின் கழிவுநீர்ச் சான்றுகளை அனுப்புங்கள், ஆடிட்டர் அங்கேயும் வருவார் என்று பதில். திருப்பூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. வெளிநாட்டுக்காரர்கள் சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று துருவித் துருவித்தான் கேட்பார்கள். பதில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதலாளி, "ஏன் அம்மிணி, சாயம் போடறோம்னு எழுதுனதுல என்ன தப்பு? நாமதானே போடறோம்?" என்றார். தமிழில் அவர் சொன்னது சரிதான். கொத்தனார் கட்டினாலும் 'நான் வீடு கட்டினேன்' என்றுதானே சொல்கிறோம். "அவங்க படிச்சா டையிங் மெஷின் நம்ம காம்பவுண்டுக்குள்ள இருக்குதுன்னு அர்த்தமுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு 'வி ஹேவ் அவர் ஃபேப்ரிக்ஸ் டைடு அட் அன் அவுட்சைட் யூனிட்' என்று எழுதி, அந்த யூனிட்டின் விவரத்தையும் இணைத்து அனுப்பினேன். விவகாரம் அத்தோடு முடிந்தது, ஆர்டரும் தங்கியது. அந்த ஒரு வரியை எழுதியதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆகவே காஸட்டிவ் பழக, நீங்கள் உங்கள் கையால் செய்யாத வேலைகளை எல்லாம் பட்டியல் போடுங்கள். முடி வெட்டியது, வண்டி சர்வீஸ் விட்டது, ஜெராக்ஸ் எடுத்தது. எல்லாவற்றையும் 'ஐ ஹேட் மை ஹேர் கட்', 'ஐ காட் மை பைக் சர்வீஸ்டு' என்று எழுதிப் பாருங்கள். ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் மூன்று வழி: கேட்டுக்கொண்டு, சம்மதிக்க வைத்து என்றால் 'ஐ காட் ஹிம் டு சைன்', வற்புறுத்தி என்றால் 'ஐ மேட் ஹிம் சைன்', அவருடைய வேலையே அதுதான், சொன்னேன் செய்தார் என்றால் 'ஐ ஹேட் ஹிம் சைன்'. 'காட்'டுக்கு மட்டும் 'டு' உண்டு. ஆனால் 'மேட்' பாசிவ் ஆகும்போது 'டு' திரும்பி வந்துவிடும், 'ஹி வாஸ் மேட் டு சைன்'. இதைச் சொல்லிக்கொடுக்காமலேயே பல வகுப்புகளில் பணம் வாங்கிவிடுகிறார்கள்.

பாசிவில் 'பை' போட்டு ஆளைக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யார் என்பது கேட்பவருக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். 'வாஸ் ஹேப்பன்டு' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள், அந்த வினைக்குப் பாசிவ் கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவில் மத்தியானம் ஆகும்போது இங்கே சாயங்காலம். பையர் மெயில் வரத் தொடங்குவதே நாங்கள் கிளம்பும் நேரத்தில்தான். எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து பதில் எழுதுகிற பெண்கள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்று எத்தனை கம்பெனிகள் யோசிக்கின்றன? இன்டர்வியூவில் ஆங்கிலம் சரளமாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தெரிகிறது, ராத்திரி ஒரு வண்டி ஏற்பாடு செய்யத் தெரியவில்லை. ஓவர்டைம் என்ற பேச்சே மெர்ச்சன்டைசர்களுக்குக் கிடையாது.

சரி, உங்கள் வேலை என்ன என்று கேள்வியில் எழுதவில்லை. ஆஸ்பத்திரியோ, ஒர்க்‌ஷாப்போ, எதுவாக இருந்தாலும் இன்று உண்மையில் நடந்த ஒரு வேலையை மேலே சொன்ன மாதிரி ஐந்தாறு வரியாக எழுதிக் கீழே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, பார்த்துச் சொல்கிறேன்.