வீடியோவில் புரிகிறது, வகுப்பில் புரியவில்லை

அன்புள்ள ஐயா,

நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்களைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். கல்லூரி வகுப்பில் பாதி புரிவதில்லை. நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அப்புறம் எதற்குத் தினமும் கல்லூரி?

– ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

வீடியோ பற்றி நீங்கள் சொல்வது சரி. 'இன்னொரு தடவை சொல்லுங்க சார்' என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது வரம். விட்டுவிடாதீர்கள்.

ஆனால் 'புரிகிறது' என்ற உணர்வை முழுசாக நம்பாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு பிரிவு சரளமான விரிவுரையைக் கேட்டது. இன்னொன்று குழுவாக உட்கார்ந்து கணக்குகளோடு முட்டிமோதியது. நிறையக் கற்றதாக நினைத்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள். தேர்வில் நன்றாகச் செய்தவர்களோ முட்டிமோதியவர்கள். இரண்டும் நேரடி வகுப்புகள்தான். ஆனாலும் தடுமாறினால் கற்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் மனம் உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

கொரோனாவுக்குப் பிறகு லேபுக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுத்தேன். குடுவையிலுள்ள அமிலத்தைத் தீர்க்க எவ்வளவு காரம் வேண்டும் என்று அளக்கும் சோதனை அது. வீடியோவில் பலமுறை பார்த்தவர்கள், செய்முறையைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். அடியில் திருகு வைத்த அளவுக் குழாயான பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், குடுவையில் அமிலம், காரம் மிகுந்தால் நிறம் காட்டும் பினாப்தலின் இரண்டு சொட்டு. சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றும், சுழற்றினால் மறையும். மறையத் தாமதமாகும்போது திருகை இறுக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு மாணவி மூன்று முறையும், இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கத் தொடங்கும் எண்ட் பாயின்டைத் தாண்டிவிட்டாள்; குடுவை முழுக்க அடர்சிவப்பு. நான்காவது தடவை நிதானமாகச் சுழற்றிக்கொண்டே, "சார், வந்த கலர் ஏன் மறையுது?" என்றாள். விழுந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி காரம் மிகுந்துவிடுகிறது, கலந்ததும் மிச்ச அமிலம் அதைத் தீர்த்துவிடுகிறது என்று சொன்னேன். அத்தனை வீடியோ பார்த்தபோது அவளுக்கு வராத கேள்வி அது.

ஒரு பியூரெட்டைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஒருவர் எடுத்த ரீடிங்கை மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதும் லேபுகளும் இருக்கின்றன. உங்கள் கல்லூரி அப்படியென்றால் உங்கள் கோபம் நியாயமானது. துறைத் தலைவரிடம் போய், ஆளுக்கொரு முறை செய்யவிடுங்கள் என்று கேளுங்கள். நாலு பேராகப் போங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். நேற்றுப் பார்த்த வீடியோவின் கணக்கை, போனைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தாளில் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.