கைவிடப்பட்ட சுரங்கங்களின் மாசை அகற்றத் தன்னார்வலர்களை எப்படி ஊக்குவிப்பது?

ஏதோ கல்லூரியில் என்எஸ்எஸ் பொறுப்பில் இருக்கிறீர்கள், ஆள் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊக்கமெல்லாம் தானாக வரும். உதவிக்கு வந்தவன் தலையில் வழக்கு விழாது என்று முதலில் உறுதி கொடுங்கள்.

நான் இருப்பது மேற்கு பென்சில்வேனியா. நிலக்கரியைத் தோண்டிவிட்டுக் கம்பெனிகள் கம்பி நீட்டிய பகுதி. பழைய சுரங்கத்துக்குள் பைரைட் கனிமத்தின் மேல் காற்றும் தண்ணீரும் பட்டு, அமிலமும் இரும்புமாக வெளியே வழிகிறது. இந்த மாநிலத்தில் மட்டும் 5,500 மைலுக்கு மேல் ஓடைகள் இப்படிக் கெட்டுக் கிடக்கின்றன. எங்கள் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் காவி நிறச் சேறு கையோடு வரும். அடியில் ஒரு புழு பூச்சி இருக்காது.

சனிக்கிழமைகளில் நாங்கள் செய்வது பெரிய விஞ்ஞானம் இல்லை. அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் படுகை வழியாக விட்டு, பிறகு குட்டையில் தேக்கினால் இரும்பு படிந்துவிடும். குழாய் வாயை அடைக்கும் இலைகளை வாருவோம். வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வோம். கல்லின் மேல் இரும்பு பூசிக்கொண்டால் சுண்ணாம்பு வேலை செய்யாது, கிளறிவிட வேண்டும். சாக்ஸில் பட்ட கறை மட்டும் ஜென்மத்துக்கும் போகாது.

இதைச் செய்யவே தன்னார்வலர்கள் பயந்தார்கள். அமெரிக்க நீர்ச் சட்டப்படி, கழிவுநீரில் கைவைத்தவரே அதற்குக் காலத்துக்கும் பொறுப்பாளி ஆகிவிடலாம். தோண்டியவன் ஓடிவிட்டான், துடைக்க வந்தவன் மாட்டிக்கொள்வான்! பென்சில்வேனியா 1999லேயே இவர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அமெரிக்க மத்திய அரசு 2024 டிசம்பரில்தான் போட்டது. அதுவும் தங்கம், வெள்ளி போன்ற உலோகச் சுரங்கங்களுக்கு, சோதனையாக அதிகபட்சம் 15 அனுமதிகள். கண்டவரையும் உள்ளே விடலாமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 2015ல் கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்தில் வேலை பார்த்தது மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை ஆட்களே. அப்படியும் 30 லட்சம் கேலன் கழிவுநீர் பிய்த்துக்கொண்டு அனிமாஸ் ஆற்றுக்குப் போனது.

"கோலார் தங்கவயலில் சயனைடு மண்மேடு கிடக்க, வெள்ளைக்காரன் ஓடையைக் கழுவுகிறாயா?" என்று கமெண்ட் வரும். என் தாத்தா அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர். 2001ல் அதை மூடிய பிறகும் அந்த மேட்டுத் தூசியைத் தின்றவன் நான். என்ன செய்ய, பிழைக்க வந்த ஊரில்தானே எனக்குச் சனிக்கிழமை வருகிறது.

என் கடுப்பெல்லாம் இங்குள்ள நம்மாட்கள் மேல். கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை நேரம் காட்ட வேண்டும் என்று பிள்ளையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இரண்டு போட்டோ, பிறகு "எத்தனை மணி நேரம்னு போட்டுக் குடுப்பீங்க?" ஒருவர், "ஷூ அழுக்காகாத வேலையா குடுங்க சார்" என்றார். பையன் என்னவோ ஒழுங்காகத்தான் வாளி பிடித்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அப்பா கேட்ட நேரத்துக்கு இல்லை.