கடுகு மாதிரி விதை விடுற முள்ளுச்செடி: எண்ணெய் ஆட்டலாமா?

பண்ருட்டி பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. முந்திரித் தோப்பு ஓரமா காலியா கெடக்குற கொல்லைல முழங்கால் உயரத்துக்கு முள்ளுச்செடி மண்டிப்போச்சாம், மஞ்சப் பூ, காய் வெடிச்சா கடுகு மாதிரியே விதை, அதை எண்ணெய் ஆட்டலாமா, செடியோட பாலை கண்ணுல விடலாம்னு மாமியார் சொல்றாங்களே அது சரியான்னு.

முதல்ல தண்டை ஒடிச்சுப் பாருங்க (கைக்கு ஒரு கோணிச் சாக்கை சுத்திக்கிட்டு). மஞ்சளா பால் வடிஞ்சா, இலை சாம்பல் பூத்த பச்சையா நடுவுல வெள்ளை நரம்போட இருந்தா, அது பிரம்மதண்டு, குடியோட்டிப்பூண்டுன்னும் சொல்லுவாங்க. பால் வராம, பூ மட்டும் உருண்டையா பந்து மாதிரி முள்ளோட நின்னா அது சூரியகாந்தி குடும்பத்துல வர்ற நெசமான திசில்ங்கிற (thistle) முள்ளுச்செடி வகை, வேற கதை. பிரம்மதண்டு பாக்கத்தான் திசில் மாதிரி, குடும்பம் கசகசாச் செடியோடது, ஊரு மெக்சிகோ.

நீங்க சொல்ற அடையாளத்துக்கு இது பிரம்மதண்டேதான், அதனால ஆட்டவே ஆட்டாதீங்க. முள்ளு குத்துனா ரெண்டு நாள் வலி, அவ்ளோதான், பெரிய ஆபத்து விதைலதான் இருக்கு. அந்த எண்ணெய்ல சாங்குவினரின்னு ஒரு நஞ்சு இருக்கு, அது உள்ள போனா ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு ரெண்டு காலும் வீங்கும், வயித்தால போகும், மூச்சு வாங்கும், இதயமே பழுதாகலாம். 1998-ல டெல்லில கடுகெண்ணெய்ல இது கலந்து 60 பேருக்கு மேல செத்தாங்க. நம்ம பக்கம் கடுகெண்ணெய்ல சமைக்கிறவங்க கம்மிதான், ஆனா இந்த விதை தாளிக்கிற கடுகோட கலந்தாலும் தப்புதானே. சந்தேகம் வந்தா நசுக்கிப் பாருங்க, கடுகு வழவழன்னு இருக்கும், உள்ள மஞ்சள், இது சொரசொரப்பா இருக்கும், உள்ள வெள்ளை.

கண்ணுல விடுற வைத்தியம் உங்க மாமியார் மட்டும் சொல்றது இல்ல, ஆர்ஜிமோன்ங்கிற அறிவியல் பேரே கண் நோய்க்கான கிரேக்கச் சொல்லுலேர்ந்து வந்ததுதான். அதுக்காக விட்டுறாதீங்க. இந்த எண்ணெய் சாப்பிட்டு பாதிக்கப்பட்டவங்களுக்கு கண்ணழுத்தம் ஏறி கிளாக்கோமாங்கிற கண் நோய் வந்திருக்கு, அப்படிப்பட்ட செடியோட பாலை நேரா கண்ணுலயே ஊத்துறது எனக்கு சரியா படல. கண்ணு உறுத்துனா தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க, மாமியார் கோச்சுக்கிட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

இனி ஒழிக்கிற வழி. ஐப்பசி கார்த்திகை மழைல முளைச்சு, தை மாசில பூத்து, வெயில் ஏற ஏற காய் வெடிச்சு கொட்டிரும், அதனால மார்கழிக்குள்ள, செடி சின்னதா இருக்கும்போதே, ஈரமண்ணுல ஆணிவேரோட புடுங்கணும். ஆடு மாடு முள்ளுக்குப் பயந்து வாய் வைக்காது, மேய்ஞ்சு தீர்த்துரும்னு நம்பாதீங்க. காய் புடிச்சுட்டா அறுத்து அப்படியே போட்டுட்டு போகாதீங்க, எருக்குழிலயும் போடாதீங்க, சாக்குல அமுக்கி எடுத்துப் போய் காயவச்சு கொளுத்திருங்க. ஒரே வருஷத்துல தீராது, பழைய விதை மண்ணுக்குள்ள பல வருஷம் கெடந்து முளைக்கும், அதனால அடுத்த மார்கழிலயும் கொல்லைய ஒரு சுத்து சுத்தி வரணும். டிராக்டர் வாடகைக்கு எடுத்தா டயர் சேத்தை கழுவிட்டு உள்ள விடச் சொல்லுங்க, அதுலயும் விதை ஒட்டிக்கிட்டு வரும்.