ஸ்டேஷன், வீடு, ஊர் வாய்: வக்கீல் அக்காகிட்ட கேளுங்க

வணக்கம். ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பேன். கிரிமினல் கேஸும் குடும்ப கேஸும் தான் நான் பாக்கறது, அதனால ஸ்டேஷனுக்கு கூப்பிடறது, வீட்டுல அடைச்சு வைக்கறது, போனை நோண்டறது, ஊர்க்காரங்க மிரட்டறது, இதெல்லாம் கேளுங்க. பட்டா, வரப்பு, செக் பவுன்ஸ் இன்னைக்கு வேண்டாம். ஊர் பேர், ஸ்டேஷன் பேர், ஆள் பேர் எதையும் இங்க எழுதாதீங்க. இன்னொன்னு, படிக்காத பேப்பர்லயும் வெத்து பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க. இதை நான் இன்னைக்கு பல தடவை சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

நைட்ஷிப்ட்: அக்கா, ஸ்டேஷன்ல இருந்து ஏட்டு ஒருத்தர் போன் பண்ணி "திங்கக்கிழமை வந்துட்டு போ, சும்மா ஒரு விசாரணை"ன்னாரு. என்ன விஷயம்னு சொல்லல. பக்கத்து வீட்டு சண்டையா இருக்கலாம். அதுல இருந்து தூக்கமே இல்ல. போகணுமா?

தம்பி, முதல்ல அதே நம்பருக்கு திருப்பி போன் பண்ணி மரியாதையா கேளுங்க: "சார், இது மனு விசாரணையா, எஃப்.ஐ.ஆர் போட்டாச்சா, நான் சாட்சியா, எதிரியா?" இதை கேக்கறது உங்க உரிமை. வெறும் மனுன்னா சி.எஸ்.ஆர் நம்பர், அதாவது மனு வாங்கினதுக்கான ரசீது நம்பர் இருக்கும், அதை எழுதி வச்சுக்கோங்க.

எஃப்.ஐ.ஆர் போட்டு சாட்சியா கூப்பிடறாங்கன்னா எழுத்துல ஆர்டர் தரணும், 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கற பி.என்.எஸ்.எஸ் (பழைய சி.ஆர்.பி.சி-க்கு பதிலா வந்தது) சட்டத்துல அது 179-வது பிரிவு. அதே பிரிவு தான் பெண்கள், 15 வயசுக்கு கீழ உள்ளவங்க, 60 தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிகள், உடம்பு ரொம்ப முடியாதவங்க, இவங்களை எல்லாம் வீட்டுக்கு வந்து தான் விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாதுன்னு சொல்லுது. எத்தனை அம்மாக்களை ராத்திரி பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்கன்னு பாத்தவ நான், அதனால இதை உங்க வீட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க.

நீங்க எதிரின்னா, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்னா, ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றங்கள்ல எடுத்தவுடனே கைது பண்ண முடியாது, ஏன் கைது அவசியம்னு போலீஸ் காரணம் காட்டணும்னு 2014-லயே அர்னேஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. கைது தேவையில்லன்னா நேர்ல வந்து ஆஜராகுன்னு பி.என்.எஸ்.எஸ் 35(3) நோட்டீஸ் தான் குடுப்பாங்க. அந்த நோட்டீஸை வாட்ஸ்ஆப்ல அனுப்பறதும் செல்லாது, 2025-ல அதையும் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு.

அதுக்காக "நோட்டீஸ் குடுத்தா தான் வருவேன்"ன்னு போன்ல முறைச்சுக்காதீங்க, பக்கத்து வீட்டு சண்டைக்கு போய் அது உங்களுக்கு நல்லது பண்ணாது. பகல்ல போங்க, கூட ஒரு ஆள் போங்க, வக்கீலா இருந்தா நல்லது, உள்ள போறப்ப "இத்தனை மணிக்கு உள்ள போறேன்"னு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்புறம் நான் கத்திட்டே இருக்கற விஷயம்: விசாரணையில நீங்க சொல்றதை அவங்க எழுதிக்கலாம், ஆனா அதுல உங்க கையெழுத்தை வாங்கவே கூடாதுன்னு 181-வது பிரிவு சொல்லுது. "எழுதினது சரிதான், கீழ ஒரு கையெழுத்து போடு"ன்னு நீட்டினா, "சார், என் வக்கீல் கிட்ட காட்டிட்டு போடறேன்"னு சொல்லிட்டு கையை பின்னாடி எடுத்துக்கோங்க.

தூக்கம் வரலன்னு சொன்னீங்களே, அது "என்ன விஷயம்"னு தெரியாததால வர்ற பயம். கேட்டு தெரிஞ்சுக்கிட்டா பாதி குறையும்.

வயக்காடு: மேடம், எங்க பங்காளி வரப்பை நகர்த்திட்டான்...

சர்வேயர், தாசில்தார். இன்னைக்கு இல்ல சார்.

சிவப்பு குடை: அக்கா எனக்கு 24 வயசு. அவங்க பாத்த மாப்பிள்ளையை வேண்டாம்னு சொன்னதுக்கு வீட்டுல "இவளுக்கு மனசு சரியில்ல, ஆஸ்பத்திரியில சேத்து மாத்திரை குடுத்தா சரியாகிடும்"ங்கறாங்க. மாமா ஒரு டாக்டரை கூட பேசி வச்சிட்டாரு. நிஜமாவே சேத்துட முடியுமா?

பயப்படாதீங்க தங்கச்சி, ஆனா இதை சாதாரணமா விட்டுடவும் வேண்டாம். 2017-ல வந்த மனநல பராமரிப்பு சட்டம் 3-வது பிரிவை எடுத்து ஒரு தடவை படிங்க. ஒருத்தர் சமுதாயத்தோட ஒழுக்கம், பழக்கவழக்கம், மத நம்பிக்கை இதுக்கெல்லாம் ஒத்துப்போகலங்கறதை வச்சு அவருக்கு மனநோய்னு முடிவு பண்ணவே கூடாதுன்னு அதுல இருக்கு. கல்யாணம் வேண்டாம்ங்கறது வியாதி இல்ல, சட்டத்துக்கு இது தெரியும், உங்க மாமாவுக்கு தான் தெரியல.

இன்னைக்கே பண்ண வேண்டியது: நம்பற ஃப்ரெண்ட் ஒருத்திக்கு நடந்ததை தேதியோட எழுதி அனுப்பி வைங்க. பத்தாவது மார்க் ஷீட், ஆதார் ரெண்டையும் போட்டோ எடுத்து அவகிட்ட குடுத்து வைங்க. எந்த டாக்டர் கிட்ட கூட்டிட்டு போனாலும் "என் சம்மதம் இல்லாம வந்திருக்கேன், இதை சீட்டுல எழுதுங்க"ன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லுங்க. நிலைமை முத்தினா 181, பெண்களுக்கான ஹெல்ப்லைன். அவசரம்னா 112. அப்புறம் அட்மிஷன் ஃபாரம்னு எதை நீட்டினாலும்... தெரியுமே, கையெழுத்து கிடையாது.

பைபாஸ் ரோடு: ராத்திரி பைக்கை நிறுத்தி லைசன்ஸ் பாத்துட்டு போனை அன்லாக் பண்ணி குடுன்னாங்க. வாட்ஸ்ஆப்ப மேலயும் கீழயும் தள்ளி பாத்துட்டு குடுத்தாங்க. இது சரியா?

இல்ல. ஒரு கேஸ் இருந்து, அது சம்பந்தமா போனை கைப்பத்தறது வேற, அதுக்கு மகஜர்னு சாட்சிங்க முன்னாடி எழுதற பேப்பர் இருக்கு, கோர்ட்டுக்கு கணக்கு காட்டணும். ரோட்டுல போறவன் போனை வாங்கி சாட் படிக்கறதுக்கு எந்த பிரிவும் கிடையாது. 2021-ல ஹைதராபாத்ல இதே மாதிரி ரோட்டுல நிறுத்தி கஞ்சான்னு வார்த்தை இருக்கான்னு வாட்ஸ்ஆப்ல தேடினாங்க, வீடியோ வந்து நாடே பேசுச்சு. நீங்க சொல்ல வேண்டியது ஒரே வரி: "சார், எந்த கேஸ்ல கேக்கறீங்க, எழுதி குடுங்க." கேஸ்னு வந்த பிறகு பாஸ்வேர்டை குடுக்க கட்டாயப்படுத்தலாமாங்கறதுல ஹைகோர்ட்டுகள் ஒரே மாதிரி சொல்லல, அந்த கட்டத்துல வக்கீல் இல்லாம பேசாதீங்க.

தலைமையாசிரியர் ஓய்வு: அம்மா, நான் குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்ல பள்ளிக்கூட வாசல்லயே கஞ்சா விக்கறான். போலீஸ் நாலு போனை பாத்தா தான் பிடிக்க முடியும். ஒளிக்க எதுவும் இல்லாதவன் போனை காட்டறதுல என்ன நஷ்டம்?

சார், உங்க கவலை நியாயமானது, அந்த பசங்க மேல எனக்கும் அக்கறை இருக்கு. ஆனா இந்த "ஒளிக்க எதுவும் இல்லாதவன்"ங்கற பேச்சுக்கு கொஞ்சம் விரிவாவே பதில் சொல்லணும்.

உத்தரப்பிரதேசத்துல கரக் சிங்னு ஒருத்தர். கொள்ளை கேஸ்ல பிடிச்சாங்க, ஆதாரம் இல்லன்னு விட்டாங்க. விட்ட பிறகும் அவர் பேர்ல ஹிஸ்டரி ஷீட், அதாவது போலீஸ் கண்காணிப்பு பதிவேடு, ஓபன் பண்ணிட்டாங்க. ராத்திரி போலீஸும் ஊர் காவல்காரனும் வந்து கதவை தட்டுவாங்க, கத்துவாங்க, தூங்கறவரை எழுப்பி வீட்டுல இருக்காரான்னு பாப்பாங்க. வேற ஊருக்கு போகணும்னா சொல்லிட்டு போகணும். கோர்ட்டே குற்றவாளின்னு சொல்லாத மனுஷன் சார் அவர், ஒளிக்க அவர்கிட்ட என்ன இருந்துச்சு? அவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாரு. 1962-ல ராத்திரி கதவு தட்டறது செல்லாதுன்னு சொன்னாங்க, ஆனா அந்தரங்கம்னு ஒரு அடிப்படை உரிமையே இல்லன்னும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதிட்டாங்க. நீதிபதி சுப்பா ராவ் மாத்தி எழுதினாரு, நீதிபதி ஷாவும் அவரோட சேர்ந்துக்கிட்டாரு, அந்தரங்கம் இல்லாம தனி மனுஷ சுதந்திரமே இல்லங்கற மாதிரி. அவர் பக்கம் தான் சரின்னு ஒம்போது நீதிபதிகள் ஒன்னா உக்காந்து சொல்றதுக்கு 2017 ஆகஸ்ட் 24 வரைக்கும் ஆச்சு, அது புட்டசாமி வழக்கு. நடுவுல ஐம்பத்தஞ்சு வருஷம்.

தலைமையாசிரியர் ஓய்வு: அது வீட்டுக் கதவு. போன் வேற இல்லையா? நான் என் போனை யார் கேட்டாலும் குடுப்பேன்.

நீங்க குடுக்கலாம் சார், உங்களை யாரும் எதுவும் பண்ண மாட்டாங்க, ஊர்ல மரியாதை உள்ளவர். அதே செக்போஸ்ட்ல நிக்கற ஒரு காலனி பையன் போன்ல வேற சாதி பொண்ணோட போட்டோ இருக்குன்னு வைங்க. அதை பாத்த ஆள் அந்த பொண்ணோட அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்த பையன் எந்த குத்தமும் பண்ணல, ஆனா அவனுக்கு ஒளிக்க வேண்டியது இருக்கு, அவன் உயிரே அதுல இருக்கு. நம்ம ஊர்ல அந்தரங்கம் யாருக்கு தேவைன்னு கேட்டா நான் அந்த பையனையும் அந்த பொண்ணையும் தான் காட்டுவேன்.

தலைமையாசிரியர் ஓய்வு: நான் அந்த கோணத்துல யோசிக்கலம்மா. ஆனாலும் கஞ்சாவுக்கு என்ன வழி?

விக்கறவனை கண்காணிச்சு, தகவல் வாங்கி, முறையா சோதனை போட்டு பிடிக்கறது தான் வழி, அதுக்கு சட்டத்துல நிறைய அதிகாரம் இருக்கு. நீங்க எழுத்துல புகார் குடுங்க, சி.எஸ்.ஆர் வாங்குங்க, நகலை எஸ்.பி ஆபீஸுக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க. உங்களை மாதிரி ஒருத்தர் கையெழுத்து போட்ட மனு சும்மா கெடக்காது. இந்த கையெழுத்தை தாராளமா போடுங்க.

ரெட்டைவால்: லாட்ஜ்ல கல்யாணம் ஆகாத ஜோடி தங்கினா கேஸா?

இல்ல. கோயம்புத்தூர்ல இதுக்காக சீல் வச்ச இடத்தை பத்தின வழக்குல 2019-ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே அப்படி ஒரு தடை சட்டத்துல இல்லன்னு சொல்லியாச்சு. ரெண்டு பேரும் மேஜரா இருக்கணும், ஐ.டி காட்டணும், அவ்வளவு தான்.

மணல்மேடு: அக்கா ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு, போகணுமா?

மேல நைட்ஷிப்ட் தம்பிக்கு எழுதினதை படிங்க.

கீழவாசல்: எங்க ஊர் விஷயம் ஒன்னை பத்தி எழுதி போட்டேன். இப்ப பெரியவங்க "சமாதான பேச்சுக்கு வா, மன்னிப்பு எழுதி குடு, முடிச்சுக்கலாம்"ங்கறாங்க. அதிகாரி ஒருத்தரும் வராராம். நிம்மதி வேணும்னு நினைக்கறேன், எழுதி குடுத்துடவா?

நிம்மதிக்காக எழுதி குடுத்தா நிம்மதி வராதுங்க. நாமக்கல்ல 2015 ஜனவரியில எழுத்தாளர் ஒருத்தரை அதிகாரிங்க முன்னாடி இப்படி தான் பேச்சுவார்த்தைக்கு உக்கார வச்சாங்க. நிபந்தனையில்லாம மன்னிப்புன்னு எழுதி வாங்கினாங்க, அதோட மனுஷன் எழுதறதையே நிறுத்திட்டாரு. 2016 ஜூலையில மெட்ராஸ் ஹைகோர்ட் அந்த பேச்சுவார்த்தை முடிவு அவரை கட்டுப்படுத்தாதுன்னு சொன்ன பிறகு தான் மறுபடி பேனாவை எடுத்தாரு. அவருக்கே அவ்வளவு காலம் ஆச்சு. நீங்க போறதா இருந்தா வக்கீலோட போங்க, பேசுங்க, யாரையாவது தப்பா புண்படுத்தியிருந்தா வாயால வருத்தம் சொல்லுங்க. பேப்பர் வந்தா எழுந்து வந்துடுங்க. மிரட்டினா மிரட்டினவங்க மேல புகார்.

டவர் இல்ல: சி.பி.ஐ-ன்னு சொல்லி வீடியோ கால்ல எங்கப்பாவை "டிஜிட்டல் அரெஸ்ட்"னு ரூமுக்குள்ளயே உக்கார வச்சுட்டாங்க, இப்ப தான் கட் பண்ணோம்.

அப்படி ஒரு கைது இந்திய சட்டத்துலயே இல்ல. பணம் போயிருந்தா இந்த நிமிஷமே 1930. இதை படிக்கறதை விட்டுட்டு போன் பண்ணுங்க.

மெழுகுவத்தி: மேடம், கேஸ் எதுவும் இல்ல. காலைல எழுந்தா குடும்ப குரூப்ல சாதி, மதம், யாரையோ வெட்டின வீடியோ. பதில் போட்டா சித்தப்பா சண்டை, போடலன்னா மனசு எரியுது. எப்படி நிம்மதியா இருக்கறது?

இது சட்டக் கேள்வி இல்ல, ஆனா நான் தினமும் இதுக்குள்ள தான் வேலை பாக்கறேன், அதனால சொல்றேன். அந்த குரூப்ப மியூட்ல போடுங்க. வெட்டின வீடியோவை பாக்காதீங்க, பாக்கறதால செத்தவருக்கு எந்த நியாயமும் கிடைக்கல. சித்தப்பாவை நேர்ல பாக்கறப்ப பேசுங்க, முப்பது பேர் பாக்கறப்ப எந்த மனுஷனும் தன் வார்த்தையை பின்வாங்க மாட்டான். அந்த கோவம் வீணா போகாம இருக்க உங்க தெருவுல கண்ணுக்கு தெரியற ஒரு விஷயத்துல இறங்குங்க, ஒரு மனு, ஒரு பிள்ளையோட ஃபீஸ், எதுவா இருந்தாலும். நான் ராத்திரி எட்டரைக்கு மேல செய்தி பாக்கறதில்ல. நாட்டுல நடக்கறது எனக்கு முக்கியம், அதனாலயே காலைல கோர்ட்டுல நிக்க தெம்பு வேணும். தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு போயிருந்தா 14416-க்கு பேசுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசலாம்.

குதிரைவண்டி: சுயமரியாதை கல்யாணம் செல்லுமா, ஐயர் இல்லாம?

ரெண்டு பேரும் இந்துவா இருந்தா செல்லும். இந்து திருமண சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னு 1967-ல கொண்டு வந்த 7-ஏ பிரிவு. சொந்தக்காரங்க இல்ல ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்தினாலே போதும், மோதிரமும் ஓகே. 2023-ல சுப்ரீம் கோர்ட் இதை இன்னும் தெளிவா சொல்லிடுச்சு, வீட்டுக்கு பயந்து ஓடி வந்தவங்களை ஊரறிய பண்ணுன்னு கேக்கறது அவங்க உயிருக்கே ஆபத்துங்கற அளவுக்கு. வேற வேற மதம்னா சிறப்பு திருமண சட்டம், 30 நாள் நோட்டீஸ் ஆபீஸ்ல ஒட்டுவாங்க, அந்த 30 நாள் எங்க தங்கறதுன்னு முன்னாடியே யோசிச்சுக்கோங்க. கல்யாணம் ஆனவுடனே பதிவு பண்ணுங்க.

புதுசு: ஸ்டேஷன்ல இருந்து கால் வந்துச்சு அக்கா, பயமா இருக்கு...

மேல இருக்கு. தயவு செஞ்சு படிங்க, நான் மறுபடி எழுதினா அடுத்தவங்க நேரம் போகுது.

தோழி: அக்கா அவசரம். என் கூட படிச்ச பொண்ணு, 21 வயசு. லவ் தெரிஞ்சு அஞ்சு நாளா ரூம்ல அடைச்சு வச்சிருக்காங்க, போனையும் பிடுங்கிட்டாங்க. நேத்து தம்பி போன்ல இருந்து "வெளிய விட மாட்டேங்கறாங்க, அடிக்கறாங்க"ன்னு ஒரு மெசேஜ். நான் சொந்தக்காரி கூட இல்ல, நான் எதுவும் பண்ண முடியுமா?

முடியும்மா. அடைச்சு வச்சவங்களை கோர்ட் முன்னாடி கொண்டு வரச்சொல்ற ஆட்கொணர்வு மனு போட சொந்தக்காரியா இருக்கணும்னு இல்ல, ஃப்ரெண்டும் போடலாம். மேஜர் ரெண்டு பேர் சம்மதிச்சா அதுல குடும்பமோ ஊரோ தலையிட முடியாதுன்னு 2018-ல ஷக்தி வாஹினி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அந்த மெசேஜை டெலீட் பண்ணாதீங்க, தேதி, நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. திருப்பி பதில் அனுப்பாதீங்க, போன் இப்ப யார் கையில இருக்கோ. அவளோட வயசுக்கு ஆதாரமா காலேஜ் ஐ.டி, மார்க் ஷீட் காப்பி எது இருந்தாலும் எடுத்து வைங்க. அடிக்கறாங்கன்னு சொல்லிருக்கா, அதனால கோர்ட்டுக்காக காத்திருக்காம இப்பவே 112-க்கு கூப்பிட்டு அட்ரஸ் சொல்லுங்க, அப்புறம் 181. கோர்ட்ல நீதிபதி அவகிட்ட தான் கேப்பாரு, எங்க போக விருப்பம்னு, அவ வாயால சொல்லணும்.

மத்தவங்க மன்னிச்சுக்கோங்க, மிச்ச கேள்விக்கு வேற நாள் பதில் சொல்றேன். தங்கச்சி, உங்க மாவட்டம் மட்டும் எனக்கு தனியா அனுப்புங்க, மதுரை கிளையா சென்னையான்னு பாத்துட்டு இப்பவே கூப்பிடறேன்.